வழிதவறியோரைத் தேடிய வாலிபர்

காட்டில் ஒருவன் வழிதவறி விட்டான் என்று செய்தி வந்தால் முதற்கண் வேண்டப்படுவது யாது? கண்ணீரன்று, ஆறுதல் மொழியுமன்று. காட்டை முறையாகத் துருவ வல்ல கால்களும் கண்களுமே வேண்டப்படுகின்றன. அக்கால்களும் கண்களும் யாருடையவாக இருக்க வேண்டும் என்ற வினாவிற்கு, அமெரிக்காவின் வடமேற்குக் கோடியிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தார் 1954ஆம் ஆண்டில் புதியதொரு விடை கண்டனர். 14 வயது நிரம்பிய பள்ளிப் பிள்ளைகளை அழைத்தனர், பழக்கினர், மனித உயிரைத் தேடும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தனர்.

நம்மிடையே 14 வயதுப் பிள்ளைக்கு உள்ள மதிப்பு எத்தகையது? கடைக்கு அனுப்பினால் சில்லறையைத் தொலைத்து விடுவானோ என்று அஞ்சுகிறோம். பெரியவர்கள் பேசுமிடத்தில் வாய் திறந்தால் அடக்குகிறோம். இருபது வயது கடந்த பின்னர், "இவனுக்குப் பொறுப்பே இல்லை" என்று குறை கூறுகிறோம். கொடுக்கப்படாத பொறுப்பு எங்கிருந்து வரும்? வாலிபரை நம்பலாமா, நம்பினால் எவ்வளவு நம்பலாம் என்னும் வினா எல்லா நாட்டிற்கும் உரியது. வாஷிங்டன் காடுகளில் அதற்கு விடை கண்ட வரலாற்றை நம் தோட்டத்துத் தோழரும் நகரத்துத் தோழரும் அறிதல் நலமென்று கருதி இங்கே எழுதுகிறோம்.

மலைமீட்பின் தோற்றம்

இடருற்றாரை மலையிலிருந்து மீட்கும் தொண்டு ஐரோப்பாவில் ஒரு துயரத்தின் விளைவாக ஒழுங்கு பெற்றது. 1896 மார்ச்சு 8ஆம் நாள் ஆஸ்திரியாவின் ராக்ஸ் மலையில் பனிச்சரிவில் சிக்கி மூவர் மாண்டனர். தேடச் சென்றோரிடம் ஆர்வம் இருந்தது, அமைப்பு இல்லை. அக்குறையை உணர்ந்து அவ்வாண்டிலேயே வியன்னா நகரத்தார் மலைமீட்புக் குழுவொன்றை நிறுவினர். 1920இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் 'பெர்க்வாக்ட்' எனப்படும் மலைக்காவல் தொண்டர் படை தோன்றியது. அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டில், ஆரிகன் மாநிலத்து ஹூட் ரிவர் என்னும் ஊரார், 'கிராக் ராட்ஸ்' என்று தமக்கே வேடிக்கையாகப் பெயர் சூட்டிக்கொண்டு ஒரு மீட்புக் குழு அமைத்தனர்.

வாஷிங்டனில் இத்தொண்டிற்கு வித்திட்டவர் மூவர். மலையேறுவதில் பேர்பெற்ற ஓம் டைபர் ஒருவர். மற்ற இருவரான உல்ஃப் பவர், மருத்துவர் ஆட்டோ டிராட் என்போர் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். இம்மூவரும் முன்னின்று 1948ஆம் ஆண்டில் சியாட்டில் நகரில் மலைமீட்புக் கழகத்தை நிறுவினர். ஒரு நாட்டில் விளைந்த நன்முறை, குடியேறியோரின் கைவழியாக மற்றொரு நாட்டில் நடப்பட்டது. கடல் கடந்து வந்து குடியேறிய மக்களாகிய நமக்கு இச்செய்தியின் அருமை எளிதில் விளங்கும். குடியேறுவோன் வயிற்றை மட்டும் கொண்டு வருவதில்லை. அறிவையும் கொண்டு வருகின்றான்.

சிறுவரை அழைத்த காரணம்

கழகத்தார் மலைமுகட்டில் வல்லவர்கள். கயிறு கட்டிப் பாறையில் இறங்குவர். பனியாற்றின் பிளவுகளில் வீழ்ந்தாரைத் தூக்குவர். ஆனால் காணாமற் போவோரில் பெரும்பாலோர் முகடுகளில் காணாமற் போவதில்லை. வேட்டைக்குச் சென்றவர், காளான் பறிக்கச் சென்றவர், கூடாரத்தை விட்டு விளையாட்டாக நடந்த குழந்தை ஆகியோர் தொலைவது மலையடிவாரக் காட்டில். அங்கே கயிறு பயன்படாது. ஆள் தொகையே பயன்படும்.

அக்காடு எளிதான காடுமன்று. கேஸ்கேட் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் வானளாவிய டக்ளஸ் ஃபர் மரங்களும் செடார் மரங்களும் அடர்ந்து நிற்கும். அவற்றின்கீழ் மார்பளவு பெரணியும், 'சைத்தானின் தடி' என்று அந்நாட்டார் அழைக்கும் முட்செடியும் மண்டிக் கிடக்கும். நம் நாட்டுப் பெலுக்காரில் பிரம்பு முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு நடந்தவர் அதனை ஒருவாறு ஊகிக்கலாம். ஆனால் அங்கே குளிர் ஒன்று கூடுதல். இலையுதிர் காலந்தொட்டு மாதக்கணக்கில் மழை ஓயாது. தண்ணீர் உறையுமளவு குளிர் வேண்டுவதில்லை. நனைந்த உடையோடு காற்றில் ஓரிரவு கிடந்தாலே உடலின் வெப்பம் குன்றி, அறிவு மயங்கி, மனிதன் மடிவான். ஆகவே அங்குத் தேடுதல் என்பது மணிக்கணக்கோடு நடத்தும் போராகும்.

மற்றொன்றும் உண்டு. காலொடிந்தவனைக் கண்டுபிடித்தவுடன் வேலை முடிவதில்லை. அவனைத் தூக்குப் படுக்கையில் கிடத்திக் கொணர வேண்டும். ஒரு சமயத்தில் தூக்க ஆறு பேர் வேண்டும். கரடுமுரடான பாதையில் சிறிது தொலைவிலேயே கை ஓயும். உடனே மாற்றாள் வேண்டும். ஒரு மைல் வழிக்குப் பதினெட்டுப் பேரும் மிகையல்லர்.

இத்தனை பேருக்கு எங்கே போவது? அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் 14 வயது கடந்தோர்க்கு 'எக்ஸ்புளோரர்' என்னும் பிரிவு இருந்தது. மலைமீட்புக் கழகத்தார் 1954இல் அப்பிரிவின் பிள்ளைகளை நோக்கினர். 'எக்ஸ்புளோரர் தேடல் மீட்புப் படை' அவ்வாறே பிறந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதனை 'ஈசார்' என்று வழங்குவர்.

சாரணர் இயக்கத்தின் பழைய கதையொன்று இவ்விடத்து நினைவுக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தத்தின்போது, 1899 முதல் 1900 வரை நிகழ்ந்த மாஃபெகிங் முற்றுகையில், சிறுவர் படையொன்று செய்தி கொண்டு செல்லும் வேலையைச் செய்தது. அச்சிறுவர்களின் துணிவு பேடன் பவலைக் கவர்ந்தது. அங்கே சிறுவரின் திறமை போருக்குப் பயன்பட்டது. அரை நூற்றாண்டிற்குப் பின்னர் சியாட்டிலில் அதே வயதினரின் திறமை, பகைவர் எவருமில்லாத போராட்டத்திற்கு, உயிர் காக்கும் போராட்டத்திற்குத் திரும்பியது. நாம் போற்ற வேண்டிய வளர்ச்சி இதுவே.

பயிற்சியின் தன்மை

பிள்ளைகளைக் காட்டிற்குள் ஏவிவிட்டு வேடிக்கை பார்த்தனர் என்று எவரும் எண்ண வேண்டா. பயிற்சி முடியாதவனுக்குத் தேடும் களத்தில் இடமில்லை. வார இறுதி நாட்களில் மழையிலேயே பயிற்சி நடைபெற்றது. வரைபடத்தைப் படித்தல், திசைகாட்டியின் துணைகொண்டு பாதையில்லாப் புதரினூடே நேர்க்கோட்டில் செல்லுதல், அடியெடுத்து வைக்கும் எண்ணிக்கையால் தொலைவை அளத்தல், கையிலுள்ள சிறு பொருள்களால் ஒதுக்கிடம் அமைத்து இரவைக் கழித்தல், காயத்திற்குக் கட்டுப் போடுதல், படுக்கையில் நோயாளியைக் குலுங்காமல் சுமத்தல் ஆகியவை பாடங்கள். அடிப்படை விதி ஒன்றே: தேடுவோன் தேடப்படுவோனாக ஆகிவிடலாகாது.

அவர்கள் தேடிய முறை மூவகைப்படும். முதல் வகையில், சிறு குழுக்கள் விரைந்து சென்று பாதைகள், ஓடைக்கரைகள், குடிசைகள் முதலிய இடங்களைப் பார்க்கும். அதில் அகப்படாவிடில் இரண்டாம் வகையில், சிலர் இடைவெளி விட்டு நிரையாக நின்று பெரும் பரப்பைக் கடப்பர். மூன்றாம் வகையில், ஆள்கள் நெருங்கி நின்று ஒவ்வொரு மரக்கட்டையின் மறைவையும் ஆராய்வர். நிரையின் ஓரத்தில் செல்வோன் நிறநாடாவைக் கிளைகளில் கட்டிச் செல்வான். திரும்பி வரும் நிரை அந்நாடாவை எல்லையாகக் கொள்ளும். நிரை பிடித்துப் பால்மரம் சீவிப் பழகிய நம் தோட்டத் தோழர்க்கு இதன் நுட்பத்தை விளக்க வேண்டுவதில்லை. எந்த மரம் சீவப்பட்டது, எந்த மரம் விடுபட்டது என்று அறியாத வேலை வேலையாகுமா?

காட்டில் நடத்திய கணக்கு

இவ்வாலிபர்கள் உழைப்பை மட்டுமா ஈந்தார்கள்? இல்லை, அறிவுக்கும் பொருள் சேர்த்தார்கள். நெருங்கி நின்று தேடினால்தான் நன்றாகத் தேடியதாகும் என்பது நெடுங்காலக் கருத்து. இது மெய்யா என்று எவரும் அளந்து பார்த்தாரில்லை. ஈசார் படையைச் சேர்ந்த ஜான் வார்ட்டஸ் என்பார் அளந்து பார்த்தார். காட்டில் பொருள்களை வைத்து, தேடுவோரை வெவ்வேறு இடைவெளிகளில் நிரையாக அனுப்பி, கண்டவை எத்தனை, காணாதவை எத்தனை என்று எண்ணினார். அவ்வாராய்ச்சி 1974இல் வெளிவந்தது.

விளைவு பலரையும் சிந்திக்கச் செய்தது. ஆளுக்கு ஆள் 20 அடி விட்டு நின்றபோது நூற்றுக்கு ஏறத்தாழ 90 பொருள்கள் அகப்பட்டன. 60 அடியில் 70; 100 அடியில் 50. மேலோட்டமாகப் பார்ப்பவர், "20 அடியே சிறந்தது" என்பர். கணக்கறிந்தவர் அவ்வாறு கூறார். 500 அடி அகலமுள்ள ஒரு பட்டையை 20 அடி இடைவெளியில் தேட 25 பேர் வேண்டும். 100 அடி இடைவெளியில் தேட ஐவர் போதும். ஆகவே அதே 25 பேர் ஐந்து பட்டைகளை ஒரே நேரத்தில் தேடலாம். தொலைந்தவன் ஐந்தில் எந்தப் பட்டையில் கிடக்கிறான் என்று தெரியாதபோது, ஒரே பட்டையை நெருங்கித் தேடினால் அவன் அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 18. ஐந்தையும் பரந்து தேடினால் 50. குளிரில் ஒருவன் செத்துக்கொண்டிருக்கும்போது 18க்கும் 50க்கும் உள்ள வேற்றுமை உயிருக்கும் பிணத்திற்கும் உள்ள வேற்றுமையாகும்.

இன்னொரு பாடமும் அக்கணக்கில் அடங்கியுள்ளது. தேடிய இடம் என்பது வேறு. அங்கே ஆளில்லை என்று உறுதியான இடம் என்பது வேறு. 90 கண்ட நிரையும் 10 விட்டுவிட்டது. "அங்கே பார்த்தாயிற்று" என்ற சொல்லைத் தேடுவோர் அளவோடு நம்ப வேண்டும்.

அதே மாநிலத்தில் தேடல் நாய்களைப் பழக்கும் தொண்டிலும் ஈடுபட்ட வில்லியம் சைரோட்டக், தொலைந்தோர் 229 பேரின் நிகழ்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து 1976இல் நூல் வெளியிட்டார். தொலைந்தவன் மனம்போன போக்கில் திரிவான் என்று முன்னர் எண்ணியிருந்தனர். சிறு குழந்தை, சிறுவன், வேட்டைக்காரன், முதியவன் என்று ஒவ்வொரு வகையினர்க்கும் ஒவ்வொரு போக்குண்டு என்பதை அவர் காட்டினார். சின்னஞ்சிறு குழந்தை களைத்தால் மறைவான இடத்தில் படுத்து உறங்கிவிடும். சற்று வளர்ந்த பிள்ளையோ, தேடுவோர் பெயர் சொல்லி அழைத்தாலும், அடி விழுமென்ற அச்சத்தாலும் அந்நியரிடம் போகலாகாது என்ற கட்டளையாலும் பதில் கூறாமல் ஒளிந்திருப்பதுண்டு. வீட்டில் நாம் ஊட்டும் அச்சம் காட்டிலே பிள்ளையின் உயிருக்கு உலையாகிறது!

ஆர்வம் மட்டும் போதுமா?

பயிற்சி எதற்கு, நல்ல மனம் போதாதா என்பார்க்கு 1969ஆம் ஆண்டு விடை தருகிறது. அவ்வாண்டு ஜூன் 14ஆம் நாள், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில், குடும்பத்தாரோடு சென்ற ஆறு வயதுச் சிறுவன் விளையாட்டாக ஒளிந்தவன் மீண்டும் காணப்படவில்லை. அன்றிரவு கடுமழை பெய்து சுவடுகளைக் கழுவியது. செய்தி பரவவே மக்கள் திரண்டனர், படைவீரர் வந்தனர், தேடுவோர் தொகை 1,400 வரை உயர்ந்தது. அனைவரும் நல்ல உள்ளத்தோடே வந்தனர். ஆனால் அத்தனை பேரை நடத்தும் முறை அக்காலத்தில் வகுக்கப்பட்டிருக்கவில்லை. மழைக்கு எஞ்சிய சுவடுகளும் தேடுவோர் கால்பட்டுக் குழம்பின. சிறுவன் இன்றுவரை கிடைக்கவில்லை. கூட்டம் வேறு, படை வேறு. இரக்கம் வேறு, உதவி வேறு என்பதை அந்நாட்டார் அத்துயரத்தால் அறிந்தனர். முறையாகப் பழகிய இருபது பிள்ளைகள் செய்யக்கூடியதை, முறையற்ற ஆயிரம் பெரியவர்கள் கெடுத்துவிடவும் கூடும்.

பிஞ்சுத் தோளில் பெருஞ்சுமை

இத்தொண்டின் மறுபுறத்தையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. தேடல் எல்லாம் மகிழ்ச்சியில் முடிவதில்லை. 1974ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்தில் இளம் பெண்கள் பலர் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் இஸ்ஸாகுவா என்னும் ஊரருகேயும், 1975 மார்ச்சில் டெய்லர் மலையிலும் மனித எலும்புகள் காணப்பட்டன. அவ்விரு காடுகளையும் அங்குலம் அங்குலமாகச் சோதிக்கும் வேலை ஈசார் படையின் பிள்ளைகளிடம் விடப்பட்டது. முழங்காலிட்டுத் தவழ்ந்து, சருகைப் புரட்டி, எலும்பும் மயிரும் தேடினர். டெட் பண்டி என்னும் கொலைகாரனின் கொடுமைகளை நிறுவுவதற்கான தடயங்கள் அவ்வாறு திரட்டப்பட்டன.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தகுமா? இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. தம்மினும் சில ஆண்டுகளே மூத்த பெண்களின் எலும்புகளை அவர்கள் பொறுக்கினர். அச்சுமை சிறிதன்று. ஆயினும், மகள் எங்கே என்று அறியாமல் தவித்த பெற்றோர்க்கு ஓர் உண்மையை அளித்தவர்கள் அவர்களே என்பதும் மறக்கத் தக்கதன்று. வாலிபரை நம்புதல் என்பது அவர்கள் தோளில் எதையும் ஏற்றலாம் என்பதன்று. பெரியவர் உடன் நிற்க வேண்டும். பெற்றோரின் இசைவு வேண்டும். மறுக்கும் உரிமை பிள்ளைக்கு வேண்டும். வேலை முடிந்தபின் அவன் மனத்தையும் கேட்டறிய வேண்டும். பொறுப்பை இறக்கிவைத்து அகன்றுவிடும் பெரியவன் பொறுப்பற்றவன்.

பெண்களும் நிரையில் நின்றனர்

தொடக்கத்தில் இது ஆண்பிள்ளைகளின் படையாகவே இருந்தது. 1971ஆம் ஆண்டில் எக்ஸ்புளோரர் இயக்கம் பெண்களையும் முழு உறுப்பினராக ஏற்றது. பின்னர் பெண்களும் அதே மழையில், அதே முதுகுப் பையோடு, அதே நிரையில் நின்றனர். வழிதவறிக் கிடப்பவன், தன்னைக் கண்டது ஆணின் கண்ணா பெண்ணின் கண்ணா என்று கேட்பானா? குலமும் நிறமும் கேட்பானா? இருட்டில் ஒரு கைவிளக்கின் ஒளியும் ஒரு மனிதக் குரலுமே அவனுக்கு வேண்டும்.

நம் மலைநாட்டில் நிகழ்ந்தது

மந்திரத்தாலும் குறியாலும் தொலைந்தாரைக் கண்டுவிடலாம் என்று நம்புவோர் நம்மிடையே இன்றும் உளர். அவர்களுக்கு நம் நாட்டு நிகழ்ச்சியொன்றைச் சுட்டுகிறோம். பாங்காக்கில் பட்டு வாணிகம் நடத்திப் புகழ் பெற்ற அமெரிக்கரான ஜிம் தாம்சன், 1967 மார்ச்சு 26ஆம் நாள் கேமரன் மலையில் தங்கியிருந்த பங்களாவை விட்டு நடந்தவர் திரும்பவில்லை. போலீசாரும் படைவீரரும் காட்டை நன்கறிந்த பூர்வகுடி மக்களும் தேடினர். கூடவே போமோக்களும் குறி சொல்வோரும் வந்தனர். பீட்டர் ஹர்க்கோஸ் என்னும் ஐரோப்பியக் குறிகாரர், அவர் கடத்தப்பட்டுக் கம்போடியாவிற்குக் கொண்டு போகப்பட்டார் என்று அறுதியிட்டுக் கூறினார். தாம்சன் இன்றளவும் அகப்படவில்லை.

நிரையில் தேடியோரும் அவரைக் கண்டிலரே என்று வினவலாம். மெய்தான். ஆனால் இரண்டிற்கும் வேற்றுமை உண்டு. முறையாகத் தேடுவோன், எங்கே தேடினோம், எங்கே தேடவில்லை, எவ்வளவு உறுதியாகத் தேடினோம் என்று படத்தில் குறித்து வைக்கிறான். அவன் தோல்வியிலிருந்தும் அடுத்தவன் தொடங்கலாம். குறிகாரன் தோற்றால் அதிலிருந்து தொடங்க எவர்க்கும் யாதொன்றும் இல்லை.

தேடுவோர் கற்றதைத் தொலைவோர்க்கும் கற்பிக்கலாம். 1981இல் கலிபோர்னியாவின் பலோமர் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழிதவறி இறந்தான். அத்தேடலில் பங்கு கொண்ட சுவடறிவாளர் ஆப் டெய்லர் முதலியோர், "வழிதவறினால் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு" என்று சிறுவர்க்குக் கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கினர். அலைந்து திரியாத பிள்ளையை எளிதில் காணலாம். மரம் துணையிருப்பதால் அச்சமும் குறையும். தோட்டத்து லயங்களுக்குப் பின்னால் காடு தொடங்கும் இடங்களில் வாழும் தாய்மார், இவ்வொரு பாடத்தைத் தம் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லலாம். "தேடி வருவோர் உன்னை அடிக்கமாட்டார், கூப்பிட்டால் குரல் கொடு" என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

முடிவுரை

1954இல் தொடங்கிய அப்படை இன்றும் இயங்குகிறது. சியாட்டிலைச் சார்ந்த கிங் மாவட்டத்தில் 14 வயது நிரம்பியோரும் முதியோரும் ஒன்றாகப் பயில்கின்றனர். நள்ளிரவில் அழைப்பு வந்தால் எழுந்து செல்கின்றனர். கூலி பெறுவதில்லை, மீட்கப்பட்டவரிடம் கட்டணமும் கேட்பதில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? வாலிபர் இயல்பாகவே சிறந்தவர் என்று நாம் புகழவில்லை; இயல்பாகவே கெட்டவர் என்று இகழ்வதையும் ஒப்பவில்லை. நம்பிக்கை வைத்து, பயிற்சி கொடுத்து, உடன் நின்றால் அவர்கள் எவ்வளவு உயரக்கூடும் என்பதற்கு எழுபதாண்டுச் சான்று நம் கண்முன் உள்ளது. நம் ஊர்ச் சங்கங்கள் பல, விழா நாளில் நாற்காலி அடுக்குவதற்கே இளைஞரை அழைக்கின்றன. முதலுதவி கற்பிக்கலாம், நீச்சல் கற்பிக்கலாம், வெள்ளம் வந்தால் எந்த வீட்டில் நோயாளி உண்டு, எந்த வீட்டில் கிழவி தனித்திருக்கிறாள் என்று பட்டியலிடும் பொறுப்பை அவர்களிடம் விடலாம்.

இளைஞர்களே! உங்களை நம்பவில்லையே என்று பெரியவர்களை நோவதோடு அமையாதீர்கள். நம்பத்தக்க ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு வந்து நில்லுங்கள். பெரியவர்களே! அவ்வாறு வந்து நிற்பவனைத் திருப்பி அனுப்பாதீர்கள். எங்கோ ஒரு காட்டில், ஒரு மரத்தடியில், எவருடைய குழந்தையோ இருட்டில் காத்திருக்கிறது. நாம் வாதிட்டு முடிக்கும்வரை குளிர் காத்திராது.